கணக்கு வராது, கார் வராது, கம்ப்யூட்டர் வராது: தன்திறன் நம்பிக்கை என்றால் என்ன?

தமிழில் ‘வரும்’ என்ற வினைச்சொல்லை நாம் வேடிக்கையாகப் பயன்படுத்துகிறோம். எனக்குக் கணக்கு வரும், அவளுக்குப் பாட்டு வரும், அவருக்கு இங்கிலீஷ் வராது. ஏதோ கணக்கு என்பது எட்டரை மணி டவுன் பஸ் போலவும், சிலர் ஊரில் வந்து நிற்கும், சிலர் ஊர்ப் பக்கம் திரும்பியே பார்க்காது என்பது போலவும்தான் பேச்சு. நான் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அது வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். ‘எனக்கு வராது.’ ‘எனக்கு வேண்டாம்.’ ‘செஞ்சு மட்டும் என்ன ஆகப்போகுது?’ வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே மாதிரிதான், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு வேறு. முதல் ஆளுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லை. இரண்டாமவருக்கு ஆசை இல்லை. மூன்றாமவர் தன்னால் முடியும் என்று நம்புகிறார், ஆனால் செய்தாலும் பலன் கிடைக்காது என்று நினைக்கிறார். எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்ட பையன் பெரும்பாலும் இந்த மூன்றாம் ரகம். நாமோ மூவரையும் சேர்த்துச் ‘சோம்பேறி’ என்று ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, மூவருக்கும் ஒரே மருந்தாக அறிவுரையை ஊற்றுகிறோம்.

முதல் ஆளிடம் இல்லாத அந்தப் பொருளுக்குத்தான் உளவியலில் தன்திறன் நம்பிக்கை என்று பெயர். இந்த ஒரு குறிப்பிட்ட வேலையை, இந்தச் சூழ்நிலையில், என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு. இதைத் தன்னம்பிக்கையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பேச்சில் தன்னம்பிக்கை என்றால் ஆளுக்கு மொத்தமாக இருக்கும் ஒரு குணம் போல. தன்திறன் நம்பிக்கை அப்படி மொத்தமாக வராது, வேலைக்கு வேலை மாறும். எங்கள் சித்தி கோயில் அன்னதானத்துக்கு 200 பேருக்குச் சாம்பார் வைப்பார், உப்பு பார்க்கக்கூட மாட்டார், வாசனையிலேயே சொல்லிவிடுவார். அதே சித்தி போனில் பணம் அனுப்பச் சொன்னால் போனை முந்தானையில் சுற்றி வைத்துவிட்டு ‘நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்’ என்பார். அவர் தன்னம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்று கேட்டால் பதிலே கிடையாது. எந்த வேலையில் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இதைப் பிரித்துக் காட்டியவர் ஆல்பர்ட் பண்டுரா. 1925-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் மண்டேர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இருந்து, 2021-இல் காலமானார். பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையைப் போட்டு அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதே மாதிரி அடித்த பரிசோதனை ஒன்றை எங்காவது படித்திருப்பீர்களே, அதைச் செய்தவர் இவர்தான். தன்திறன் நம்பிக்கை பற்றிய அவரது முக்கியமான கட்டுரை 1977-இல் வந்தது. அதற்கு ஆதாரமாக நின்றது, நம்ப மாட்டீர்கள், பாம்பு.

பாம்பென்றால் படையே நடுங்கும் என்கிறோம், ஆனால் அவர் சேர்த்த ஆட்களின் நடுக்கம் வேறு ரகம். பாம்பு இருக்குமோ என்ற பயத்தில் தோட்ட வேலை செய்ய முடியாது, காட்டுப் பாதையில் நடக்கப் போக முடியாது, வாழ்க்கையே அதனால் சுருங்கிப் போயிருந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஒரு மலைப்பாம்பிடம் படிப்படியாகப் பழக்கினார்கள். விஷமில்லாத ரகம்தான். முதலில் தூரத்தில் நின்று பார்ப்பது, அப்புறம் கிட்டப் போவது, தொடுவது, கையில் எடுப்பது, கடைசியில் பாம்பை மடியில் ஊர விடுவது. ஒவ்வொரு படியிலும் பயிற்சி தருபவர் பக்கத்திலேயே இருப்பார், முதலில் தானே செய்து காட்டுவார், பிறகு மெல்லக் கையை எடுத்துக்கொள்வார். இன்னொரு பகுதியினர் அதையெல்லாம் வேறொருவர் செய்வதை வேடிக்கை மட்டும் பார்த்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் இந்தப் படியை உன்னால் செய்ய முடியுமா, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று படிவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாம்பின் முன்னால் நிறுத்தினார்கள்.

தானே தொட்டவர்களின் நம்பிக்கைதான் மிக உயர்ந்திருந்தது, பார்த்தவர்களுக்கு ஓரளவு, மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இது யாரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பார்க்காதது என்னவென்றால், அந்தக் குறிப்பேட்டில் முடியும் என்று எழுதிய படியை ஆட்கள் பெரும்பாலும் செய்தார்கள், முடியாது என்று எழுதிய படியில் பெரும்பாலும் நின்றுவிட்டார்கள். பயிற்சியில் பழகாத வேறொரு பாம்பிடமும் இந்தக் கணக்கு பெருமளவு பொருந்தியது. ஒருவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதை மட்டும் வைத்துச் சொல்வதைவிட, அவர் தன்னைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார் என்பதை வைத்து அடுத்து என்ன செய்வார் என்று நன்றாகச் சொல்ல முடிந்தது. பண்டுராவின் மொத்த வாதத்துக்கும் இதுதான் அடித்தளம்.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நான்கு இடங்களிலிருந்து என்றார் அவர். பாடப்புத்தகம் போல நான்கையும் வரிசையாக அடுக்குவதைவிடப் புதுக்கோட்டைக்குப் போவது நல்லது, ஏனென்றால் அங்கே அந்த நான்கும் ஒரே சாலையில் ஓடியிருக்கின்றன.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வேலையைத் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். அன்றைக்குக் கிராமத்தில் ஒரு பெண் சைக்கிளில் போவது என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும், வாயில் வந்ததைப் பேசும். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பழகினார்கள். பள்ளி ஆசிரியை, அங்கன்வாடி ஊழியர், கல் குவாரியில் வேலை செய்பவர், சத்துணவுப் பணியாளர் என்று எல்லாத் தரப்பிலிருந்தும். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத்.

இங்கே என்ன நடந்தது என்று உளவியல் கண்ணாடி போட்டுப் பாருங்கள். சைக்கிள் என்பது தன்திறன் நம்பிக்கைக்கென்றே செய்து வைத்தது போன்ற பொருள். ஓட்டத் தெரியும், தெரியாது என்பதற்கு நடுவில் மழுப்ப இடமில்லை. ஒருவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், எந்த நொடியில் கையை விட்டார் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது, திரும்பிப் பார்த்தால் அவர் பத்தடி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். ‘நானே ஓட்டிவிட்டேன்’ என்ற அந்த நொடிதான் நான்கில் மிகப் பெரியது. தானே செய்து ஜெயித்த அனுபவம். இதற்கு ஈடான வேறொன்று இல்லை, பாம்பு விஷயத்திலும் பார்த்தது இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை, ஜெயித்தது உண்மையான ஜெயமாக இருக்க வேண்டும். சும்மா பாஸ் போட்டு அனுப்பிய பிள்ளைக்கு அது பாஸ் இல்லை என்று உள்ளுக்குள் தெரியும்.

அடுத்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. இதில் எடை முழுக்க ‘தன்னைப் போன்ற’ என்பதில் இருக்கிறது. ஒலிம்பிக் சைக்கிள் பந்தய வீராங்கனையை டிவியில் பார்த்தால் குவாரித் தொழிலாளிக்கு ஒன்றும் ஆகாது, அவள் வேறு உலகம். பக்கத்துத் தெருவில், அதே வயதில், அதே மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி ஓட்டுவதைப் பார்த்தால், ‘அவளுக்கே வருதே’ என்று தோன்றும். அந்த ‘அவளுக்கே’வில் உள்ள ஏகாரம்தான் வேலை செய்கிறது. ஊரில் ஒருத்தி ஓட்ட ஆரம்பித்தபோது இன்னொருத்தி பார்த்தாள், அவள் ஓட்டினாள், அவளை மூன்று பேர் பார்த்தார்கள். ஒரு லட்சம் என்ற எண் எப்படி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

மூன்றாவது, பிறர் சொல்லித் தேற்றுவது. அறிவொளிக்காரர்கள் சைக்கிள் கற்க வரச் சொல்லிப் பாட்டே கட்டினார்கள். இது உதவும், ஆனால் நான்கில் இது மெலிந்த பிள்ளை. உன்னால் முடியும் என்று சொல்லி ஏற்றி விடலாம், முதல் முறை விழுந்ததும் அந்தப் பேச்சு கரைந்துவிடும். புதுக்கோட்டையில் பாட்டு முடிந்த கையோடு சைக்கிளில் ஏற்றியும் விட்டார்கள், அதனால் எடுபட்டது. நம் பள்ளிக்கூடங்களில் பொதுத் தேர்வுக்கு முன்னால் ஒரு ஊக்கப் பேச்சாளரைக் கூட்டி வந்து இரண்டு மணி நேரம் பேச வைக்கிறார்களே, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், சிலர் அழவும் செய்கிறார்கள், திங்கட்கிழமை வந்தால் அதே கணக்குப் புத்தகம், அதே புரியாத 7-ஆவது பாடம். நான் அந்தக் கூட்டங்களுக்கு எதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உடம்பு சொல்லும் சேதி. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதை ‘எனக்கு இது வராது, அதான் உடம்பே சொல்லுதே’ என்று படிக்கலாம், ‘புதுசு, அதான் படபடப்பு’ என்றும் படிக்கலாம். படபடப்பு ஒன்றுதான், அதற்கு நாம் போடும் உரைதான் வேறு.

இப்படி வந்து சேர்ந்த நம்பிக்கை ஆளின் நடத்தையை எங்கே மாற்றுகிறது? முதலில் எதில் கை வைப்பது, எதைப் பார்த்து விலகிப் போவது என்ற தேர்விலேயே மாற்றிவிடுகிறது. கணக்கு வராது என்று ஒன்பதாம் வகுப்பில் முடிவு கட்டியவர் பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பார், அதிலிருந்து எந்த வேலைக்குப் போவார் என்பது வரை அந்த ஒரு சொல் போகும். அப்புறம் எவ்வளவு முயற்சி போடுவது, தோற்றால் எவ்வளவு நேரம் தாங்குவது என்பதில். இந்தத் தாங்குதலுக்கு 1979-இல் வெளிவந்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். காலைத் தூக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று போட்டி. சிலரிடம் உன் எதிராளி ஓட்டப்பந்தய வீரர் என்றும், சிலரிடம் அவருக்கு முழங்காலில் அடிபட்டிருக்கிறது என்றும் நம்ப வைத்தார்கள். எதிராளி ஆராய்ச்சியாளர்களின் ஆள்தான், எப்படியும் ஜெயித்துவிடுவார். தோற்ற பிறகு மறுபடியும் செய்யச் சொன்னபோது, ‘நோஞ்சானோடு மோதுகிறேன்’ என்று நம்பியவர்கள் இன்னும் கூடுதலாகத் தாங்கினார்கள், ‘வீரனோடு மோதுகிறேன்’ என்று நினைத்தவர்கள் சீக்கிரம் காலைக் கீழே போட்டார்கள். கால் ஒன்றுதான், தசையும் ஒன்றுதான்.

இதுவரை நம்பிக்கை. ஊக்கம் எங்கே வருகிறது?

விக்டர் வ்ரூம் என்பவர் 1964-இல் வேலை ஊக்கத்துக்கு ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார். முயன்றால் என்னால் முடியுமா, முடித்தால் பலன் கைக்கு வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டுமா. இந்த மூன்றையும் பெருக்கு. கூட்டல் இல்லை, பெருக்கல், ஆகவே எது ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். நான் முதலில் சொன்ன மூன்று பதில்களையும் இங்கே வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினால் பைக் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார், பையனுக்கு பைக் மேல் கொள்ளை ஆசை, ஆனாலும் புத்தகத்தைத் தொடவில்லை. அப்பா குழம்பிப் போய் இன்னும் விலை அதிகமான பைக்கைச் சொல்கிறார். பூஜ்யம் இருப்பது ‘முடியுமா’ என்ற இடத்தில், அப்பா ஏற்றிக்கொண்டிருப்பதோ ‘வேண்டுமா’ என்ற இடத்தில்.

பரிசு சில சமயம் காரியத்தைக் கெடுக்கவும் செய்யும். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரிப் பள்ளியில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம் போல விளையாடும் நேரத்தில் கவனித்தால், முன்பே சொல்லிப் பரிசு வாங்கிய குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. பரிசே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை, பிடிக்காத சலிப்பான வேலைக்குப் பரிசு உதவத்தான் செய்கிறது. ஏற்கெனவே பிடித்திருக்கும் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

பிடித்தால்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம், ஆர்வம் இல்லாத பிள்ளையிடம் என்ன செய்தும் பயனில்லை என்கிறார்கள் ஆசிரியர்களும். வந்தால்தான் பிடிக்கும் என்பது அதே அளவு உண்மை. 1981-இல் பண்டுராவும் டேல் ஷுங்க்கும், கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கி, கணக்கென்றாலே முகம் சுளிக்கும் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே 42 பக்கம், 7 அமர்வு, தாங்களே படித்துத் தாங்களே போட வேண்டிய பயிற்சி. ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் கடைசிக்குள் 42 பக்கமும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 6 பக்கக் குழந்தைகள் கணக்கிலும் முன்னேறினார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் ஏறியது, கடைசியில் வேறு வேலையும் கணக்கும் முன்னால் வைக்கப்பட்டபோது தாங்களாகவே கணக்கை எடுத்துப் போட்டவர்களும் அவர்கள்தான். 42 பக்கக் குழந்தைகள், எந்த இலக்கும் சொல்லாமல் விடப்பட்ட குழந்தைகளைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒவ்வொரு நாளும் ‘இன்றைக்கு முடித்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ள 6 பக்கக் குழந்தைக்கு ஏழு வாய்ப்பு, மற்றக் குழந்தைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி நாளில்.

இவ்வளவு சொன்ன பிறகு கொஞ்சம் தண்ணீரும் தெளிக்க வேண்டும். நம்பிக்கை இருந்தால் போதும், எல்லாம் நடக்கும் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. 1998-இல் ஸ்டாய்கோவிச், லூதன்ஸ் என்ற இருவர் 114 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தன்திறன் நம்பிக்கைக்கும் வேலைத் திறனுக்கும் இடையே இருந்த தொடர்பு 0.38 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்கப் பொருந்தினால் 1). ஆளுக்கு ஆள் வேலைத் திறன் மாறுவதில் ஏறக்குறைய 14 விழுக்காடு இதோடு சேர்ந்து போகிறது என்று பொருள். மனித நடத்தை பற்றிய ஆய்வில் இது பெரிய எண், ஆனால் மீதி 86 வேறு எங்கோ இருக்கிறது. நன்றாகச் செய்கிறவருக்கு நம்பிக்கை வருமா, நம்பிக்கை இருப்பவர் நன்றாகச் செய்வாரா என்ற கோழி முட்டைச் சண்டையும் உண்டு. ஜெஃப்ரி வான்கூவர் என்ற ஆய்வாளர் 2000-களின் தொடக்கத்தில் ஒரு புதிர் விளையாட்டை வைத்துப் பார்த்ததில், ஒரே ஆளுக்கு நம்பிக்கை ஏறியபோது அடுத்த ஆட்டத்தில் கவனம் தளர்ந்து தவறு கூடியது. எல்லாம் தெரியும் என்று படிக்காமல் போய்க் கோட்டை விட்ட வகுப்புத் தோழன் ஒருவன் எல்லோருக்கும் இருப்பான்தானே.

அப்புறம் சைக்கிள். சைக்கிளே இல்லாமல் சைக்கிள் ஓட்டும் நம்பிக்கை எங்கிருந்து வரும்? புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் எடுக்கப் போகலாம், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று பலனும் கண்ணெதிரே தெரிந்தது. வாய்ப்பைக் கொடுக்காமல் ‘உனக்கு நம்பிக்கை போதாது’ என்று ஏழையைப் பார்த்துச் சொல்வதற்கு இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

சித்தி கதைக்கு வருகிறேன். நான் முதலில் செய்தது எல்லாமே தப்பு. ‘ரொம்ப ஈசி சித்தி, சின்னப் பிள்ளைகூடச் செய்யும்’ என்றேன். தைரியம் சொன்னதாக நினைப்பு. தப்பாகிப் போனால் அவர் சின்னப் பிள்ளையைவிட மக்கு என்று அல்லவா ஆகும்? அப்புறம் அவர் தடுமாறும்போதெல்லாம் போனைப் பிடுங்கி நானே டக்டக்கென்று அழுத்திக் காட்டினேன், அதாவது பாம்பை நான் பிடித்தேன், அவர் வேடிக்கை பார்த்தார். ஒரு வருடம் இப்படியே போனது.

மாற்றியது நான் இல்லை, பூக்கார அக்கா. அவர் கூடையில் ஒரு க்யூஆர் அட்டை வந்து உட்கார்ந்த அன்று சித்தி எனக்கு போன் செய்து, ‘பள்ளிக்கூடமே போகாதவ அவ, அவ வெச்சிருக்காடா’ என்றார். அந்த வாரம் ஊருக்குப் போனபோது போனைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு 1 ரூபாய் அனுப்பச் சொன்னேன். போனால் 1 ரூபாய், அவ்வளவுதானே. ‘கை நடுங்குதுடா.’ ‘எனக்கும் முதல்ல நடுங்குச்சு சித்தி.’ இரண்டு முறை பின் நம்பர் தப்பு. மூன்றாவது முறை என் போன் டிங் என்றது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு 9 ரூபாய் சேர்ந்தது, மறுநாள் மளிகைக் கடைக்கு 340 போனது, நான் பக்கத்தில் இல்லை.

இப்போது கரண்ட் பில், கேஸ், பேரன் பிறந்தநாளுக்கு 501 எல்லாம் அவரே. ஆனால் ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் இன்னமும் எனக்குத்தான் போன் வருகிறது. அது அவருக்கு வராதாம்.